புளியங்குடி ரோட்டுக் குழிக்கு ஒரு காவலாள்

ராயகிரியில் இருக்கும் அன்பு மைத்துனன் துரைப்பாண்டிக்கு, சங்கரன்கோவிலிலிருந்து அத்தான் பாண்டியராஜன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காளும் சுகம், ஜெனரேட்டருக்குத்தான் சீக்கு. வேலைக்கு வா என்று போனில் கூப்பிட்டால் 'அங்கன பேய் இருக்கு' என்று கட் பண்ணிவிடுகிறாய், அதனால் இந்தக் கடுதாசி.

புளியங்குடி ரோட்டில் பாலத்துக்காகத் தோண்டிய குழிக்கு ராத்திரி விளக்குப் பொறுப்பு என்னுடையது. நம்ம மக சங்கரேஸ்வரி புளியங்குடி ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து தினமும் பத்து மணிக்கு அந்த வழியாகத்தான் ஸ்கூட்டியில் வருகிறாள். பெத்த மனசு பதறுமா பதறாதா? கான்ட்ராக்டர் பெரிய லைட்டை வாரவன் மூஞ்சிக்கு நேரா அடிச்சு வச்சிருந்தாரு. லைட்டு தெரியும், குழி தெரியாது. அதைக் குழியப் பாத்துக் குனிய வச்சு, நூறடி முன்னாலயே செவப்பு லைட்ட மினுங்க விட்டது நாந்தான். ஆனா குழிக்கு ரெண்டு முனை, எனக்கு ஒரே ஒடம்பு. அதனால புளியங்குடிப் பக்கத்து முனையில ஒரு வைக்கோல் திருஷ்டி பொம்மைக்கு, வெளிச்சம் பட்டா மினுங்குத சட்டைய மாட்டி, ரெண்டு கையையும் விரிச்சு நட்டு வச்சேன். தெனமும் டீசல் ஊத்தப் போகையில "நல்லாப் பாத்துக்கோ வே"ன்னு அதுகிட்டச் சொல்லிட்டுத்தான் வருவேன்.

நேத்து சரியா பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்னுபோச்சு. எல்லா லைட்டும் அவிஞ்சு கும்மிருட்டு. ஓடுதேன், செருப்பு ஒருபக்கம், நான் ஒருபக்கம். பாத்தா, குழிக்கு நாலடி முன்னால மக வண்டிய நிறுத்திட்டு நிக்கா. "ஒங்க பொம்மைதாம்ப்பா ஒத்தக் கைய ஒசத்தி நிப்பாட்டுச்சு"ங்கா. காத்துக்குக் கை தூக்கியிருக்கும். காத்தே இல்லைங்கது வேற விஷயம்.

வைக்கோலுக்கு இருக்க தைரியம் ஒனக்கு இல்லையாலே? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நாளைக்கே வந்து அந்த முனையில நில்லு.

கோமதி அம்மன் பிள்ளைகளுக்குச் சுகத்தையும் உனக்குப் புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் பாண்டியராஜன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில ஜேசிபி ஓட்டுத மாரிராஜ் வந்தான், கையில மினுங்குத சட்டை. "அண்ணாச்சி, பொம்மைய முந்தாநாளே மாடு தின்னுட்டு. சட்டைய எடுத்து வச்சேன், சொல்ல மறந்துட்டேன்"ங்கான். மக்கா, நேத்தும் நான் "பாத்துக்கோ வே"ன்னு சொன்னேனே. அது தலைய ஆட்டுச்சே! யாரா இருந்தாலும் எம்பிள்ளைய நிப்பாட்டுச்சு, நல்லாருக்கட்டும். நீ வர வேண்டாம் மாப்ளே. அந்த முனையில ஆள் நிக்கு.