பனிமலை டயரும் மீன்பாடி வண்டியும்

ஒரு விஷயத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவனால் பெரிய ஆபத்து கிடையாது. அவன் பயந்துகொண்டு நாலு பேரிடம் கேட்பான். முழுக்கப் படித்துவிட்டேன் என்று நினைக்கிறவன்தான் ஆபத்து. அவன் யாரையும் கேட்கமாட்டான். நான் மூன்று மாதம் டயரைப் பற்றி முழுக்கப் படித்தவன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அடையாறில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியர். பெசன்ட் நகரில், ஊரூர் மீனவர் குப்பத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் வாடகை வீடு. என் மனைவி வாசுகி வங்கியில் கிளார்க். எங்களிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது போதும். ஆனால் எனக்குள் ஒரு மலையேறி ஒளிந்துகொண்டிருந்தான் (மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவான், அது வேறு விஷயம்). அவன் பேச்சைக் கேட்டு, கே.கே. நகரில் ஒருவரிடமிருந்து நான்கு சக்கரத்தையும் இன்ஜினே சுற்றும் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கினேன். அது என்னைவிட இரண்டு வயது மூத்தது.

"ஃபோர் வீல் டிரைவ்தானே சார்?" என்று விற்றவரிடம் கேட்டேன்.

"அதோ லிவர் இருக்கு பாருங்க" என்றார்.

பார்த்தேன். கியருக்குப் பக்கத்தில் குட்டையாக, தலையில் கறுப்பு உருண்டையோடு ஒரு லிவர் இருந்தது. அதை இழுத்தால் பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என்பது கணக்கு. பிடித்து இழுத்தேன். 'டக்' என்று கம்பீரமாக விழுந்தது. அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. (அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லிவர் இருக்கிறது என்றார். இருந்தது.)

வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. மாற்ற வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் "நாலு டயர் குடுங்க" என்று வாங்கி வந்திருப்பார்கள். நான் இணையத்தில் உட்கார்ந்தேன். அங்கே குளிர் தேசத்துக்காரர்கள் கூடி, பழைய ஜீப்புக்குக் குளிர்காலத்தில் எந்த டயர் நல்லது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தார் ரோட்டு டயர் பனியில் வழுக்கும். சேற்று டயர் தார் ரோட்டில் கத்தும். இரண்டுக்கும் நடுவில், எல்லாத் தரைக்கும் பொதுவாக 'ஆல் டெரெய்ன்' என்று ஒன்று உண்டு. அதிலும் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சடித்திருந்தால்தான் குளிர்காலத்துக்கு லாயக்கு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது. எட்டாம் வகுப்பில் பருவக்காற்று நடத்திக்கொண்டிருக்கும்போதே கரும்பலகையில் என் கை தானாக மூன்று முகடு வரையும்.

சென்னையில் குளிர்காலம் என்பது ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கும் காலம். வெப்பமண்டலத்தில் சமவெளியில் பனி பெய்யாது என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். வாசுகி இதைத்தான் கேட்டாள்.

"நம்ம ஊர்ல எங்கங்க ஸ்நோ பெய்யுது?"

"ஸ்நோங்கறது என்ன வாசு? உறைஞ்ச தண்ணி. நம்ம ஊர்ல அது உறையாம பெய்யுது. கார்த்திகை வந்தா தெருவெல்லாம் சேறு. கணக்கு ஒண்ணுதான்."

"அதுக்கு முதல்ல வைப்பரைச் சரி பண்ணலாமே. அது பாதிவரைக்கும் போய் நின்னுடுது."

சின்ன விஷயங்களில் கவனம் சிதறக் கூடாது என்று இருந்தேன்.

புதுப்பேட்டையில் சலீம் பாய் என்பவரின் டயர் கடை. அறுபது வயதிருக்கும். டயரைக் கையால் தட்டி அது எத்தனை வருஷம் கடையில் கிடந்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவரிடம் போய், பனிமலை முத்திரை போட்ட, அகலமான ஆல் டெரெய்ன் டயர் வேண்டும், எங்கிருந்தாலும் வரவழைத்துத் தாருங்கள் என்றேன்.

"சார், இன்னா ஊருக்குப் போறீங்க? காஷ்மீரா?"

"இல்ல பாய். இங்கதான். மழைக்கு."

"மழைத் தண்ணிக்கு அகலம் வேணாம் சார். ஒல்லி டயரு தண்ணிய வெட்டிக்கினு போவும். அகலம்னா மேலேயே மெதக்கும்."

நான் சிரித்தேன். அவருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். பள்ளத்தின் ஆழம், ரப்பரில் போட்டிருக்கும் மெல்லிய கீறல்கள், குளிரில் இறுகாத ரப்பர் என்று எதையும் விடவில்லை. நாற்பது வருஷமாக டயர் விற்றவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். டயர்கள் வந்து சேர்ந்த அன்று, மாட்டுவதற்கு முன் அவர் ஒன்று கேட்டார்.

"பழைய வண்டி சார். ஒரு தபா அடியில குனிஞ்சு பாத்துடட்டுமா? பத்து நிமிசம்."

"அதெல்லாம் வேணாம் பாய். வண்டி பக்கா. நீங்க டயரை மாட்டுங்க, ஜல்தி."

பத்து நிமிடம். இன்றைக்கும் அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம். வண்டியை நகர்த்தினேன். மூன்று நசுங்கின. வலது முன்சக்கரத்துப் பழம் டயரின் பள்ளத்துக்குள் போய் முழுசாக உட்கார்ந்துகொண்டது.

"பழம் நசுங்கலைங்க" என்றாள் வாசுகி. முகம் மாறிவிட்டது.

"பள்ளத்தோட ஆழம் அப்படி! பாத்தியா?" என்றேன் பெருமையாக. நோண்டிப் பார்த்தும் வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த டயர்களோடு தெருவில் போனால் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். மூன்றாவது வீட்டு அம்மாள் மாவு மில் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்து அரிசியோடு வெளியே வந்தார்.

இந்த நேரத்தில்தான் வாசுகிக்கு ஆபீசர் பதவிக்கான நேர்முகத் தேர்வு வந்தது. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் அவள் காலை நாலரைக்கு எழுந்து, சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். சாம்பார் தெறித்த கறையை வைத்தே எந்தப் பாடம் எந்தப் பக்கம் என்று சொல்லுவாள். முதல் தடவை எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்தில் நழுவவிட்டாள். அன்றிரவு அவள் அழவில்லை, பாத்திரம் கழுவினாள். இது இரண்டாவது தடவை. தி. நகரில், காலை பத்து மணிக்கு.

முந்தின நாளிலிருந்தே அடைமழை. வாசுகி, வழக்கமாக வரும் ஆட்டோக்காரரைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். நான் அவருக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம் என்றேன்.

"ஏங்க?"

"வீட்ல இப்படி ஒரு வண்டி நிக்கும்போது ஆட்டோல போவாங்களா? இந்த டயரை எதுக்கு வாங்கினேன்? ஒரே ஒரு நாள் என்னை நம்பு வாசு."

அவள் "சரிங்க" என்றாள். என்னை நம்பினாள்.

எட்டரைக்குக் கிளம்பினோம். பச்சைப் பட்டுப்புடவை, மடியில் ஃபைல். பெரிய ரோட்டில் தண்ணீர் கணுக்காலளவுதான், ஆனால் வண்டிகள் நின்று நின்று போயின. பொறுமையாகப் போயிருந்தால் ஒன்பதரைக்குத் தி. நகர். எனக்குப் பொறுமை இல்லை என்பதைவிட, அந்த ரோட்டில் சேறு இல்லை என்பதே உண்மையான குறை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி, களிமண்ணை அள்ளிப் போட்டு மூடியிருந்த பக்கத்துத் தெரு ஒன்று இருந்தது. ஒரு வாரமாக மாடுகூட அதற்குள் போகவில்லை. நான் திருப்பினேன்.

"இது வேண்டாங்க."

"கண்ணை மூடிக்கோ. திறக்கும்போது மறுபக்கம் இருப்போம்."

நடுத் தெருவில் வண்டி புதைந்தது. பின்சக்கரங்கள் சுற்றின, சுற்றச் சுற்ற இறங்கின. நான் பதறவில்லை. இதற்காகத்தானே மூன்று மாதம் படித்தேன். லிவரை இழுத்தேன். 'டக்'. ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னால் களிமண் இரண்டு மாடி உயரத்துக்குப் பறந்தது. முன்னால் பனிமலை முத்திரை போட்ட இரண்டு டயர்களும் ஒரு நூல்கூட அசையாமல் நின்றன.

வாசுகி கண்ணைத் திறந்தாள். மணி எட்டு ஐம்பது. அரை மணி நேரம் நான் ஆட்டோவுக்கும் டாக்ஸிக்கும் முயன்றேன். ஃபோனில் 'அருகில் வண்டிகள் இல்லை' என்றே வந்தது. ஆட்டோக்காரர், நான் வேண்டாமென்றதால் வேறு சவாரி போய்விட்டார். எனக்கு வெட்கம்கூட அப்போது வரவில்லை. பயம்தான் வந்தது. மூன்று வருஷக் காலை நாலரை மணிகளை நான் ஒரு சேற்றுக்குழியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து 'டுர் டுர்' என்று ஒரு மீன்பாடி வண்டி வந்தது. மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பழைய மோட்டாரைப் பொருத்தியிருப்பார்களே, அது. ஓட்டிவந்தவர் குப்பத்து கஜா அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் மீன் விற்பவர். களிமண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கெட்டித்தரை இருந்தது. மூன்று மொட்டை டயர்களோடு, ஒரு சக்கரத்தை அதில் வைத்து லாகவமாக வந்து நிறுத்தினார்.

"இன்னா வாத்யாரே, இதுக்குள்ள வந்து மாட்டிகினு கீற?"

"ஃபோர் வீல் போட்டுட்டேன்ணே. வர மாட்டேங்குது."

கஜா அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டி, குனிந்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சார், முன்னாடி ஷாஃப்டே இல்லியே. எவனோ கயட்டிகினு பூட்டான். முன் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்ல. சும்மா உருண்டுகினு கீது."

"லிவர் இருக்கேண்ணே!"

"லிவர் கீது சார். அது இன்னாத்த இழுக்கும்?" மறுபடி குனிந்தார். "டயர்ல ஒரு எலுமிச்சம்பயம் கீது. ஃப்ரெஷ்ஷா கீது."

வாசுகி இறங்கிவிட்டாள். முழங்கால்வரை சேறு. "அண்ணே, பத்து மணிக்கு தி. நகர்ல இன்டர்வியூ. எந்தப் பக்கம் போறீங்க?"

"சைதாப்பேட்ட மார்க்கெட்டுக்குமா. நேத்து புடிச்ச மீனு. நீ ஏறு, உன்ன எறக்கிவுட்டுட்டுப் போறேன். பொட்டி மேல குந்திக்கோ."

ஃபைலை மீன் கட்டும் பாலிதீன் பையில் சுற்றிக் கொடுத்தார். வாசுகி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து குடையை விரித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "ஃபோனை ஆஃப் பண்ணி வச்சிடுவேன். நீங்க ஏதாவது சாப்பிடுங்க" என்றாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

போகும்முன் கஜா அண்ணன் என் டயரைக் காலால் தட்டினார். "இந்த டயரு இன்னா சார் விசேசம்?"

"ஐஸ் மேல போனாலும் வழுக்காதுண்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஐஸா? அது என் வண்டில தான் கீது. ரெண்டு பொட்டி." வண்டி 'டுர் டுர்' என்று தெருமுனை திரும்பி மறைந்தது.

நான் ஜீப்புக்குள் உட்கார்ந்து ஒரு மணி வரை மழையைப் பார்த்தேன். வைப்பர் பாதிவரை போய் நின்றிருந்ததால் பாதி மழைதான் தெரிந்தது. ஒரு மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"பத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது போயிட்டேங்க. உள்ள நுழைஞ்சதும் மூணு பேரும் மூக்கைச் சுளிச்சாங்க. ஒருத்தர் தன்னோட ஷூவைத் தூக்கிப் பாத்துக்கிட்டார். அப்புறம் எப்படி வந்தீங்கன்னு கேட்டாங்க. நடந்ததை அப்படியே சொல்லிட்டேன்."

"ஐயோ. எல்லாத்தையுமா?"

"எலுமிச்சம்பழம் வரைக்கும். சிரிச்சு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அப்புறம் பெரியவர் கேட்டார்: பழைய வண்டிக்கு ஒருத்தர் கடன் கேட்டு வந்தா, நீங்க முதல்ல என்னம்மா பார்ப்பீங்க?"

"நீ என்ன சொன்ன?"

"குனிஞ்சு அடியில பார்ப்பேன்னு சொன்னேன். வாங்கினவர் படிச்சவரா இருந்தா ரெண்டு தடவை பார்ப்பேன்னு சொன்னேன்."

அதற்குள் கஜா அண்ணன் திரும்பி, குப்பத்திலிருந்து ஆறு பேரையும் படகு இழுக்கும் கயிற்றையும் கொண்டுவந்து, ஜீப்பைப் படகாகவே பாவித்துக் கரையேற்றிவிட்டார். சலீம் பாய் பிறகு விளக்கினார்: பெட்ரோல் மிச்சமாகும் என்று நிறைய பேர் முன் ஷாஃப்டைக் கழற்றிவிடுவார்களாம். "அன்னிக்கே குனிஞ்சு பாக்கட்டுமான்னு கேட்டேனே சார்" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது, பெருந்தன்மையாக அடக்கிக்கொண்டார். ஜீப்பை விற்றேன். வாங்கியவரை முதலில் குனிய வைத்துக் காட்டிவிட்டுத்தான் விற்றேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. வாசுகி தேறிவிட்டாள். இனிப்புப் பெட்டியோடு முதலில் போனது குப்பத்துக்குத்தான்.

இப்போது அவள் ஒரு கிளைக்கு மேனேஜர். வீட்டில் நான் எதைப் பற்றி வாய் திறந்தாலும், அது மிக்ஸியாகட்டும், நாட்டின் பொருளாதாரமாகட்டும், ஒன்பது வயது மகள் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "குனிஞ்சு பாத்தியாப்பா?"

சென்ற மாதம் புதுக் கார் வாங்க ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிபோல் தரை. வாசுகி விற்பனை இளைஞரிடம் வட்டி விகிதம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கைக்குட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, மெல்ல வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். அந்தப் பிள்ளை பயந்துபோனான்.

"மேடம், சார் என்ன பண்றார்? தண்ணி கொண்டுவரட்டுமா?"

"ஒண்ணும் வேணாம்ப்பா" என்று வாசுகியின் குரல் மேலிருந்து கேட்டது. "அவருக்கு அது ஒரு வேண்டுதல்."