வால்வு கைப்பிடியோடு ஒரு கிரிவலம்

தண்ணீருக்குக் காசு கட்டுகிறவன், வீட்டில் யார் குளித்தாலும் கதவுக்கு வெளியே நின்று காதுகொடுத்துக் கேட்பான். (நான் கேட்டேன்.)

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், திருவண்ணாமலை செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் எங்கள் குழாய்க்குத் தனி மீட்டர் மாட்டி, ஓடின தண்ணீருக்கெல்லாம் காசு வாங்குவார். ஒரு மாத பில்லைப் பார்த்துத் தலைசுற்றி, ஆளுக்கு ஒரு பக்கெட் என்று சட்டம் போட்டேன். "மூச்சுக்கு மீட்டர் வெக்காம வுட்டீங்களே" என்றாள் என் மனைவி செல்வி.

கார்த்திகை தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனார் வந்தார். வேர்க்கடலை விவசாயி. பம்புசெட் தண்ணீரில் குளித்தே வளர்ந்த உடம்பு. குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டு வேறு பாடினார். எனக்குப் பாட்டு கேட்கவில்லை, மீட்டர் ஓடுவதுதான் கேட்டது.

மாடித் தொட்டியின் வால்வை மூடினேன். யாரும் திறந்துவிடக் கூடாதென்று அதன் கைப்பிடியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கெட் நிறைந்திருக்கும், போதும் என்பது என் கணக்கு. (அவர் பக்கெட்டையே தொடவில்லை, நேரே குழாயடியில் உட்கார்ந்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.) அந்த நேரம் பார்த்து செல்வி வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னாள்.

சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். அது தள்ளிய தள்ளில் பழக்கடையையும் தாண்டிப் போய்விட்டேன். திரும்பப் பார்த்தால் போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"எதிர்ல போகக்கூடாது சார். அப்படியே சுத்தி வாங்க."

"வீடு தோ தெரியுதுங்க."

"மலை கூடத்தான் தெரியுது. நடங்க."

நடந்தேன். அண்ணாமலையாரைச் சுற்றிய லட்சம் பேரில், சட்டைப் பையில் வால்வு கைப்பிடியோடு சுற்றியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "மாமனார் கண்ணில் சோப்பு போகாமல் பார்த்துக்கொள்" என்பதைத் தவிர வேறு வேண்டுதலும் தோன்றவில்லை.

சாயங்காலம் கால் வீங்கி வீடு வந்தால், மாமனார் பளிச்சென்று உட்கார்ந்து பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பழம், தேங்காய். செல்வி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

தண்ணீர் நின்றதும், தலை முதல் கால்வரை நுரையோடு, இடுப்பில் துண்டோடு, சந்து முனைத் தண்ணீர்ப் பந்தலுக்கே போயிருக்கிறார். வெள்ளை வெளேரென்று ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவித் தடவி வருவதைப் பார்த்த வெளியூர்க்காரர்கள், உடம்பெல்லாம் திருநீறு என்று நினைத்துவிட்டார்கள். "அரோகரா" என்று குடம் குடமாக ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு பேர் பழம், தேங்காய்த் தட்டை முன்னால் வைத்து அவர் காலிலும் விழுந்தார்களாம்.

நான் தலைகுனிந்து கைப்பிடியை நீட்டினேன்.

"இருக்கட்டும் மாப்ள," என்றார் மாமனார். "பம்புசெட்ல கூட இவ்ளோ தண்ணி வந்ததில்ல. ஒரு பைசா பில்லு இல்ல."

அடுத்த மாத பில் முன்பைவிட ஜாஸ்தி. எங்கோ குழாய் ஒழுகியிருக்கிறது. எங்கே என்று தேடக்கூட எனக்கு முகமில்லை.

இன்றைக்கும் தீபத்துக்கு எல்லாரும் கூடினால் என் மகள் ஆரம்பித்துவிடுவாள்.

"தாத்தா, நீங்க சாமியாரா இருந்தீங்களாமே, எவ்ளோ நேரம்?"

"உங்கப்பன் மலை சுத்தி வர்ற வரைக்கும்."