ஜெல்லி மண்டைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

பயம் வந்துவிட்டால் படித்தவர்கள், படிக்காதவர்களைவிட மோசமாக நடந்துகொள்வார்கள். நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவையில் ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்திலிருந்த அப்பாவுக்குக் கை இறுகி, நடை கோணிக்கொண்டு வந்தது. மூளையில் இரும்பு படிந்திருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். எங்கள் மெஷின் அதைச் சரியாகக் காட்டுமா என்பது அவருக்கே தெரியவில்லை. "மொதல்ல ஒரு பொய் மூளை செஞ்சு சோதிச்சுப் பாத்துரலாமுங்க" என்றார்.

செய்தேன். மண்டை அளவு பிளாஸ்டிக் டப்பாவில் கடல்பாசி காய்ச்சி ஊற்றி, ஒரு பக்கம் இரும்பு கலந்த ஜெல்லி, மறுபக்கம் கலக்காதது. இரும்பு இருக்கும் பக்கம் மட்டும் படத்தில் கறுப்பாக விழ வேண்டும். (காய்ச்சிய குண்டாவை அம்மா அதற்குப் பிறகு அடுப்பில் ஏற்றவே இல்லை.)

சோதனை சரியாக வந்தால் அன்றே எடுத்துவிடலாமென்று அப்பா ஸ்கேனுக்குத் தயாராக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உலோகம் ஆகாதென்று, பிறந்ததிலிருந்து இடுப்பை விட்டு இறங்காத வெள்ளி அரைஞாண்கொடியையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார். டாக்டர் என் டப்பாவைப் பார்த்து, "அசல் மூளையாட்டவே இருக்குதுங்க அம்மணி" என்றார்.

அவர் நகர்ந்ததும், அப்பாவோடு வந்திருந்த அம்மா என் காதில், "கண்ணு பட்டுப்போச்சு. ஒரு பொட்டு வெச்சுரு சாமி" என்றாள். சிரித்திருக்க வேண்டும். நான் கைப்பையிலிருந்து கண்மையை எடுத்து, டப்பாவில் கன்னம் மாதிரித் தெரிந்த இடத்தில் கட்டைவிரலால் அப்பினேன். அது இரும்பில்லாத பக்கம். (அம்மா வீட்டில் செய்கிற மை வெறும் கரி. நான் ஸ்டைலுக்கு வாங்கிய கடை மையில் கறுப்புக்காக இரும்பைத்தான் அரைத்துப் போட்டிருக்கிறார்கள்.)

டப்பாவை மெஷினுக்குள் வைத்து எடுத்த படத்தில், இரும்பே போடாத பக்கத்தில் கிணறு மாதிரி ஒரு கறுப்பு ஓட்டை விழுந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மெஷின நம்ப முடியலீங்க. அய்யனுக்கு இன்னைக்கு வேண்டாம்" என்றார். அப்பா கொடியைக் கட்டிக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறினார்.

மறுநாள் டப்பாவைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. மையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தால் படம் சுத்தம்; இரும்புப் பக்கம் மட்டும் கறுப்பு. ஊருக்கு ஓடி, "மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்கப்பா, ஒருக்கா வாங்க" என்று அழுதேன்.

"கட்டிப்போட்டனே கண்ணு" என்றார் அப்பா. "இனி அரணாக்கொடியக் கழட்டறது ஒரே நாளைக்குத்தான். அன்னைக்கு நீங்க கழட்டுவீங்க."

அப்படித்தான் ஆயிற்று.

இன்றும் வீட்டில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும், சுகரோ கொழுப்போ, அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பான்: "நல்லாத் தொடச்சுப்போட்டுப் பாத்தாங்களா?" எல்லோரும் சிரிப்போம், நானும்தான். அப்பாவுக்கு என்ன இருந்தது என்பது மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது.