சம்பந்திக்கு, பின்கதவு விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

இங்கு நானும் தங்கள் சம்பந்தியம்மாளும் நலம். தங்கள் நலத்தை நான் இந்த நேரத்தில் விசாரித்தால் கோபம் கூடிவிடுமோ என்ற தயக்கத்தால், விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற சனிக்கிழமை எங்கள் மனித உரிமை ஆவணப்பட மன்றத்தில் நடந்ததற்கு நான் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தாங்கள் அன்பளிப்பாகத் தந்த புரொஜெக்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும், இருட்டில் பேசிய அந்தப் பெண் யார் என்று பெயரோடு எழுத வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பெயர் கிடைத்த அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பிவிடப் போவதாகவும் சொன்னீர்கள். தாங்கள் பேசி முடித்து வைத்த பிறகும் நான் நெடுநேரம் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக வீட்டில் சொல்கிறார்கள்.

நடந்ததை முறையாக எழுதிவிடுகிறேன். நான் நிலவரைபட அலுவலகத்தில் கோடு போட்டு ஓய்வு பெற்றவன். கண்ணால் பார்க்காத வரப்பை ஒருநாளும் வரைந்ததில்லை. அதைத் தவிரப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. நூலகத்து மாடியில் மாதம் ஒரு படம் போட்டு அதைப் பற்றி மக்களைப் பேசவைக்கலாம் என்று நூலகர் அம்மா சொன்னபோதே நான் தப்பிக்க வழி தேடினேன். நாலு முகங்கள் என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, படம் முடிந்ததும் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே பேசுவது என்று ஒரு விதி செய்தேன். அது முழுக்க என் கோழைத்தனத்துக்காகச் செய்த விதி. மற்றவர்களுக்கும் அது வசதியாகப் போய்விடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. முதல் மாதமே, குடிநீர் உரிமை பற்றிய படம் முடிந்ததும், இருட்டில் ஒரு குரல், "எங்க வீட்டுக்காரர் வெளியில எல்லார் உரிமையையும் பத்திப் பேசுவார். வீட்டுல ரிமோட்டை மட்டும் கையை விட்டு எறக்க மாட்டார்" என்றது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் குரல் தினமும் காலையில் எனக்குக் காபி கொடுக்கும் குரல் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.

அதுவரை நூலகத்தின் பழைய டிவியில்தான் படம் ஓடியது. தாங்கள் பெரிய மனது பண்ணி புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தீர்கள், பேனரும் அடித்துக் கொடுத்தீர்கள். பேனரில் தங்கள் பெயர் கொட்டை எழுத்திலும் மன்றத்தின் பெயர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்படியும் இருந்தது குறித்து நான் மூச்சு விடவில்லை. "கூட்டம் இல்லேன்னா நல்லா இருக்காது சம்பந்தி. நம்ம தையல் கூடத்து ஆளுங்க அத்தனை பேரையும் வேன்ல ஏத்திக்கிட்டு வந்துடறேன். டீயும் பன்னும் குடுத்துட்டா அசையாம உக்காந்திருப்பாங்க" என்று சொன்னதும் தாங்கள்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வரிசையாக எழுதுவது என் வழக்கம். வரிசையில் இது வருகிறது.

படத்தைத் தேர்ந்தெடுத்தது நான். எங்கோ ஒரு நாட்டில், சட்டை தைக்கும் ஆலையில் தீப்பிடித்து, பூட்டிய கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பெண்களைப் பற்றிய படம். முன்கூட்டியே பலமுறை போட்டுப் பார்த்து, ஒலி தெளிவு, நீளம் சரி, முகம் சுளிக்கும் காட்சி இல்லை என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். "எனக்கும் தையல் கூடம் இருக்கேன்னு உமக்குத் தோணலையா?" என்று கேட்டீர்கள். அந்த ஆலை பல மாடி, தங்களுடையது ஒரே மாடி. அங்கே சட்டை, இங்கே பள்ளிச் சீருடை. ஒற்றுமை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இதை நம்புங்கள் என்று எழுதும்போதே, நானே இதைப் பாதிதான் நம்புகிறேன் என்பதும் தெரிகிறது.

படம் முடிந்தது. இருட்டு. "இதுபோல் ஏதேனும் நம் ஊரில் உண்டா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எல்லாப் படத்துக்கும் அதே கேள்விதான். வேறு கேள்வி கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. யாரோ பன் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. தாங்கள் பக்கத்தில் இருக்கும் தெம்பில் தங்கள் சூப்பர்வைசர், "அதெல்லாம் அந்த நாட்டுலதான் சார். நம்ம ஊர்ல யாரு கதவைப் பூட்டி வைக்கிறா?" என்றார். நான் அத்தோடு நன்றியுரைக்குப் போயிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் அந்தப் பெண்குரல் வந்தது. கோபமான குரல்கூட இல்லை. கடையில் விலை கேட்பது போன்ற குரல்.

"அப்ப நம்ம கூடத்துப் பின்கதவு?"

"நமக்குப் பின்கதவு வேற இருக்கா?" என்று இன்னொருத்தி.

"இருக்குடி. துணி மூட்டை அடுக்கியிருக்கே, அதுக்குப் பின்னால. வேலைக்குச் சேந்த புதுசுல பாத்தேன். பச்சைக் கதவு."

"பச்சை இல்லக்கா, நீலம்."

"போடி! நீ சேரும்போதே மூட்டை கூரையைத் தொட்டுடுச்சு. நீ எங்க பாத்த?"

பாதிக் கூட்டம் பச்சை, பாதிக் கூட்டம் நீலம். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் விக்கித்துப்போய் நின்றேன். நாள் முழுக்க வேலை செய்யும் இடத்தில் வெளியே போகிற கதவின் நிறம் ஒருவருக்கும் நினைவில்லை! தாங்கள் எழுந்து, "திருட்டுப் போகுதுன்னுதான்யா பூட்டி வச்சிருக்கேன்! எவ அவ பேசுறது? சம்பந்தி, லைட்டைப் போடுங்க!" என்றீர்கள். அதற்கு யாரோ, "ஐயா, மைக்கை வாங்கிட்டுப் பேசுங்க, பின்னால கேக்கலை" என்றார்கள். அப்போது அந்தக் குரல் மறுபடியும், அதே நிதானத்தோடு, "தீப்பிடிச்சா திருடன் உள்ள வரமாட்டான் ஐயா. நாங்கதான் வெளிய போகணும்" என்றது.

சிரிப்பு நின்றது. தாங்கள் மறுபடி "லைட்டு!" என்று கத்தினீர்கள். என் கை சுவிட்ச் பலகையில் தடவிய தடவலில் விளக்கு எரியவில்லை, மின்விசிறிகள் அத்தனையும் முழு வேகத்தில் சுழன்றன. பேனரின் ஒரு முனை கழன்று, தங்கள் பெயர் தங்கள் தலைமேலேயே இறங்கியது. தாங்கள் அதற்குள்ளிருந்து வெளியே வரும் வழி தேடிய நேரத்தில் கூட்டம் படியிறங்கிவிட்டது. நூலகர் அம்மா வந்து விளக்கைப் போட்டபோது தாங்கள், நான், மிஞ்சிய பன்கள்.

மூன்று நாள் கழித்து தங்கள் மருமகள், அதாவது என் மகள், தொலைபேசியில் பேசினாள். வீட்டு நிலவரம் விசாரித்தேன். "மாமா என்கூடப் பேசுறதில்லப்பா. வீடு அமைதியா இருக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்ட முடியுமான்னு பாருங்க" என்று சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து, "அத்தைதான், உங்கப்பா அந்தப் பேரை எழுதிக் குடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு தினமும் சொல்றாங்க" என்றாள். அப்போது சிரிப்பில்லை. பெற்றவனுக்கு அது போதும். உடனே பேனாவை எடுத்தேன். தங்கள் சம்பந்தியம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்து, "எழுதுங்க, நல்லா எழுதுங்க. பேர் மட்டும் எழுதினீங்கன்னு வைங்க, அடுத்த கூட்டத்துல நான் லைட்டைப் போட்டுட்டே உங்களப் பத்திப் பேசுவேன்" என்றாள். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்தின் நிலை என்னுடையது.

ஆகவே, பேனர் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மின்விசிறிக்கும், டீ ஆறிப்போனதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். பெரிய மனிதர் ஒருவரை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு அப்படியொரு கேள்வியைக் கேட்டதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். புரொஜெக்டரைத் துடைத்து, பெட்டியில் வைத்து, கயிறு கட்டிவிட்டேன். மன்றத்தை இத்தோடு மூடிவிடுகிறேன். பேசிய பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. எனவே பெயர் எழுத வழியில்லை. பின்கதவையும் நான் பார்த்ததில்லை; எனவே அதைப் பற்றி எனக்குக் கருத்தும் இல்லை. இருட்டில் காதில் விழுந்ததை வைத்துக் கோடு போடுகிறவன் இல்லை நான்.

தங்கள் கோபம் தணிந்து, தங்கள் வீட்டில் பேச்சும் சிரிப்பும் திரும்பி, தொழில் மேலும் பெருக வேண்டுகிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்களுக்கு என்றும் கட்டுப்பட்ட சம்பந்தி

பின்குறிப்பு: தபாலில் போட்டால் தாமதமாகுமே என்று இதை நேரில் கொடுக்கத் தங்கள் தையல் கூடத்துக்கே வந்தேன். தாங்கள் வெளியே போயிருந்தீர்கள். காத்திருந்த நேரத்தில், வந்தது வந்தோம், ஒருமுறை பார்த்துவிட்டால் கருத்து இல்லை என்பதையாவது உறுதியாகச் சொல்லலாமே என்று, சூப்பர்வைசரிடம் மூட்டைகளை நகர்த்தச் சொன்னேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. கதவு இருக்கிறது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை; துருவின் நிறம். இழுத்தேன், அசையவில்லை. சாவி எங்கே என்றேன். "ஐயா வீட்டுல சார், பீரோவுல" என்றார். கடைசித் தையல் மிஷினிலிருந்து முன்வாசல் படி வரை நடந்து பார்த்தேன். முட்டி இரண்டு இடத்தில் இடித்தது, படியின் வாயிலேயே இஸ்திரி மேஜை கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "என்ன சார், இப்படி வேர்க்குது? இந்தாங்க, தண்ணி குடிங்க" என்று ஒரு குரல். அந்தக் குரல்தான். நான் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளரை மட்டும் வாங்கிக் குடித்தேன்.

எனவே மேலே எழுதிய மன்னிப்புகளில் பேனர், மின்விசிறி, டீ நீங்கலாக மற்றதைத் தயவுசெய்து அடித்துவிட்டு வாசிக்கவும். வீடு திரும்பியதும் புரொஜெக்டரின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சாவியைத் தங்கள் மருமகளிடம் கொடுத்தனுப்பினாலும் போதும், கதவை நான் வந்து திறந்துகொள்கிறேன். பின்கதவு பூட்டியிருக்கிறது என்று சொன்னது யார் என்று கேட்டிருந்தீர்கள். நான்தான் சொல்கிறேன், இன்று மதியம், நல்ல வெளிச்சத்தில், கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். பெயர் தங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது.