அரைப்பேர் கங்காணியின் தகுதிச் சுற்று

1. ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், என் சிநேகிதி வசந்தியைப் பெண் பார்க்க நான்கு மாப்பிள்ளைகள் வந்தார்கள், வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில்.

2. நால்வரிடமும் வசந்தியின் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

3. நால்வரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

4. நான்காவதாக வந்தவரை வசந்திக்குப் பிடித்துவிட்டது.

கேள்வி இதுதான்: "நம்ம நாட்டு புட்போல் டீம்ல பதினோரு பேரு சொல்லுங்க தம்பி, பாப்போம்."

இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணியை வசந்தியின் அப்பாவைப் போல் நேசித்த மனிதர் இந்தப் பூமியில் கிடையாது. அணியின் வீரர்களையும், பயிற்சியாளர்களையும், வீரர்களைப் பெற்ற தாய்மாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிரிக்கெட்டுக்காகச் சோற்றை மறக்கும் நாட்டில் இப்படியொரு ஆள் எப்படி முளைத்தார் என்று யாருக்கும் தெரியாது. உலகக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கோ ஆசியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கோ ஒருமுறைகூடப் போகாத அணி அது. எப்போதோ ஒரு காலத்தில் தெற்காசியக் கிண்ணம் ஒன்றை வென்றது. அந்த வெற்றியைப் பற்றி அவர் பேசும்போது, பந்தலில் அவரும் நின்று சந்தனம் கொடுத்தது போலிருக்கும்.

தோட்டத்தில் அவர் பெயர் 'அரைப்பேரு'. அவர் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை செய்யும் கங்காணி. எடுத்த கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு அரை நாள்தான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் அரைப்பேர். நிறை சரியாக இருந்தால் முழுப்பேர். இந்தக் கங்காணி தன் பெண்களுக்கு அரைப்பேர் விழவிடமாட்டார். மழை, பனி, அட்டைக்கடி என்று நிறுவைக்காரரிடம் வாதாடி முழுப்பேர் வாங்கிக் கொடுத்துவிடுவார். அவருடைய அரைப்பேரெல்லாம் தேசிய அணிக்குத்தான்.

ஓர் ஆட்டம் தோற்ற மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் முதலில் அணிக்குத்தான் தீர்ப்பு.

"முன்னுக்கு வெளாண்டவனுக்கு அரைப்பேரு. கோல் வாசல்ல நின்னுகிட்டு வானத்துக்கு அடிக்கிறான். கீப்பருக்கு முழுப்பேரு. அந்தப் புள்ள இல்லாட்டி கூடை நெறையா வாங்கியிருப்போம். கோச்சுக்குப் பேரே இல்ல!"

அதற்குப் பிறகுதான் வேலை.

"ஆறாம் நம்பர் மலைக்கு நாலு-நாலு-ரெண்டு! ராக்கம்மாக்கா, நீங்க கோலு. சோத்துப் பைகிட்ட நில்லுங்க. கொரங்கு வந்தா முன்னுக்கு ஏறி வந்து தடுக்கணும். பைகிட்டயே நிக்காதீங்க."

"ஏங்க கங்காணி, போன வாரமும் நான்தானே கோலு? ஒரு நாளாச்சும் என்னைய முன்னுக்கு வெளாட வுட்டா என்னாவாம்?"

"ஒங்களுக்கு முழங்கால் வலின்னு நீங்கதானே சொன்னீங்க? காயம்பட்ட ஆள எப்புடி முன்னுக்கு போடுறது?"

தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர், அதாவது தொரை, இதைத் தூரத்திலிருந்து கேட்டாராம். நாலு-நாலு-ரெண்டு என்பது நவீனக் கொழுந்து பறிக்கும் முறை என்று நினைத்து, பக்கத்துத் தோட்டத்துத் தொரையிடம் பெருமையடித்திருக்கிறார். அங்கேயும் ஒரு வாரம் அப்படியே நடந்ததாகக் கேள்வி. கொழுந்தும் கூடியதாம். இதை எனக்குச் சொன்னவர் அரைப்பேர்தான் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நம் அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லாமல் போன காலம் ஒன்று வந்தது. அவர் சவரம் செய்வதை நிறுத்தினார். கறுப்பு மேற்சட்டை ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டார். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார் என்று லயத்து வீட்டு வரிசையில் எல்லோரும் முடிவுகட்டி, "சாமி, சாமி" என்று கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, காலிலும் விழுந்தார்கள். அவர் மறுக்கவில்லை. "டீமுக்கு வேண்டிக்கிட்டு விழுங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அணி திரும்பி வந்தபோது, வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் சிலரும் அதில் இருந்தார்கள். லயத்துப் பையன் ஒருவன் கேலி பண்ணினான். "என்னா கங்காணி, டீமே கப்பல்ல வந்து எறங்கியிருக்கு?"

"ஒங்க பாட்டனும் கப்பல்லதான்டா வந்தாரு. அவரு கொழுந்து எடுக்கலயா? போ, பந்த எடுத்துட்டு வா."

இனி மாப்பிள்ளைகள்.

முதலாமவர் பண்டாரவளையிலிருந்து வந்த வாத்தியார். கேள்வியைக் கேட்டதும், "கிரிக்கெட்டா கேக்குறீங்க?" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாமவர் கொழும்பில் கடையில் வேலை. உலகமே அறிந்த ஒரு வெளிநாட்டு வீரரின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னார். "அவரு வேற நாடுங்க தம்பி" என்று அரைப்பேர் பணிவாகச் சொல்லி, தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மூன்றாமவர் போனை மேசைக்குக் கீழே வைத்துத் தேடப் பார்த்தார். அந்த லயத்தில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கி வரை ஏற வேண்டும். அவர் "ஒரு நிமிசம், வெளிய போயிட்டு வாறேன்" என்று போனார். தாங்கிப் பக்கம் போன ஆளுக்குப் பின்னால் அரைப்பேரும் ஏறிப் போய், "ஓப்சைட்!" என்றார்.

நான்காமவர் அப்புத்தளைக்காரர். முச்சக்கரவண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் பேக்கரியில் சுட்ட பாணும் பணிஸும் விற்பவர். வண்டிப் பாட்டு கேட்டால் ஊரே பையோடு ஓடிவரும். எல்லோருக்கும் அவர் 'பாண் தம்பி'. வசந்தி தினமும் பாண் வாங்கினாள். அவர்கள் வீட்டில் காலையில் தட்டிச் சுட்ட ரொட்டிதான் சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். 

அவர் அம்மாவையும் ஒரு பெரிய பணிஸ் பொதியையும் கூட்டிக்கொண்டு முறைப்படி வந்தார். கேள்வி கேட்கப்பட்டது.

"தெரியாதுங்க."

"பதினோரு பேரும் வேணாம். ஒரு அஞ்சு?"

"ஒன்னும் தெரியாதுங்க. விடிய முன்னுக்கே வண்டி எடுத்துருவேன். டீவி பாக்க நேரம் இல்லைங்க. பணிஸ் சூடா இருக்கு, சாப்புடுங்க."

"பேரே இல்ல!" என்று சொல்லிவிட்டு அரைப்பேர் கொல்லைப் பக்கம் போய்விட்டார். பணிஸையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

அன்றைக்கு வசந்தி தாங்கி வரை ஏறி எனக்குப் போன் பண்ணினாள். நாங்கள் இருவரும் பதுளையில் ஒரே போர்டிங் அறையில் இருந்து தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்கள். நான் இப்போது பதுளையில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். நாளெல்லாம் கோடு போடுவதால் அவள் அப்பாவுக்கு நான் 'லைன்ஸ்மன் பிள்ள'.

"இங்க பாருடி, எனக்கு இவருதான். இல்லாட்டி யாரும் வேணாம். அப்பாகிட்ட அழுது பாத்துட்டேன், சோறு திங்காம இருந்து பாத்துட்டேன். 'விதின்னா விதி'ங்கிறாரு. ஒன் மூளைய வெச்சு ஏதாச்சும் பண்ணு."

அவள் அழுகிறாள் என்பது குரலில் தெரிந்தது. வசந்தி இலகுவில் அழுகிறவள் அல்ல.

விதி என்ற சொல்தான் எனக்கு வழி காட்டியது. நான் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று விதிகளைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

"அங்கிள், நம்ம டீம் மாதிரி சின்ன டீமுக்கெல்லாம் ஆசியாவுல மொதல் சுற்று எப்புடி வைக்கிறாங்க?"

"ரெண்டு மெட்ச். ஒன்னு நம்ம ஊர்ல, ஒன்னு அவங்க ஊர்ல. ரெண்டையும் கூட்டிப் பாப்பாங்க."

"அப்ப பாண் தம்பிக்கு ஏன் ஒரு மெட்ச்சோட முடிச்சீங்க? அதுவும் ஒங்க ஊர்ல?"

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். வசந்தியின் அம்மா, தோட்டம் முழுவதுக்கும் லெட்சுமி அக்கா, அடுப்படியிலிருந்து, "நல்லா கேளு பிள்ள! என்னைய கட்டுறப்ப இவருகிட்ட யாரும் ஒரு பேரும் கேக்கல, கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார்.

அரைப்பேர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கடைசியில், "விதி அப்புடித்தான்" என்றார். "ரெண்டாவது மெட்ச் அப்புத்தளையில. நீதான் ரெப்ரி. ஆனா அந்தத் தம்பிக்கு நீ பேரு சொல்லிக் குடுக்கக் கூடாது."

நாள் குறித்தவரும் அவரே. நம் அணிக்குத் தகுதிச் சுற்று ஆட்டம் இருந்த அதே நாள். இந்தக் கேள்வியை முடித்துவிட்டு, ஆட்டத்துக்கு வீடு திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அப்புத்தளையில் அன்றைக்கு நல்ல பனிமூட்டம். பாண் தம்பியின் அம்மா வீட்டுக்கு முன்னாலேயே மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். பாண் தம்பி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம்: அரைப்பேர், லெட்சுமி அக்கா, நான். வசந்தி தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போனும் கையுமாக நின்றாள். "ஸ்கோர் என்னா?" என்று நாங்கள் உட்காருவதற்கு முன்பே செய்தி வந்தது.

அரைப்பேர் தொண்டையைச் செருமினார். "நம்ம நாட்டு டீம்ல—"

"கொஞ்சம் இருங்க," என்றார் அந்த அம்மா. "ஒங்க ஊர்ல நீங்க கேட்டீங்க. இது எங்க ஊரு. இங்க நான்தான் கேப்பேன். சரிதானே, ரெப்ரிம்மா?"

விதியில் அப்படி ஒன்றும் இல்லை. "சரிதான்" என்றேன்.

"கேளுங்க," என்றார் அரைப்பேர். அவர் முகத்தில் சிரிப்பு. பதினொருவர், மாற்று வீரர்கள், மூன்றாவது கோல் காப்பாளர், அந்தக் காப்பாளர் பாயும் பக்கம் எல்லாம் அவருக்குத் தெரியும்.

"எம் மகன் பேரு என்னாங்க?"



அரைப்பேர் மனைவியைப் பார்த்தார். லெட்சுமி அக்கா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். அரைப்பேர் என்னைப் பார்த்தார். நான் நடுவர் அல்லவா, கூரையைப் பார்த்தேன்.

"சிவா?"

"இல்லைங்க."

"குமாரு?"

"எல்லாரும் குமாரு தானாங்க? இல்லைங்க." அந்த அம்மாவின் குரல் உயரவில்லை. "அன்னைக்கி ஒங்க ஊட்டுல வந்து எம்புட்டு நேரம் ஒக்காந்திருந்தான். நாட்டுல இருக்கிற பதினோரு பேரு பேர கேட்டீங்க. எதுக்க இருந்தவன் பேர ஒருக்கா கேக்கலயே, ஐயா?"

அரைப்பேர் எப்போதும் எதற்கும் பதில் வைத்திருப்பார்.  அன்றைக்கு எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்புத்தாங்க. எனக்கு இன்னைக்கிப் பேரே இல்ல."

வசந்தியிடமிருந்து ஆறேழு கேள்விக்குறிகள் வந்தன. போனைக் கவிழ்த்து வைத்தேன். அரைப்பேர் வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டால் சம்பந்தம் அத்தோடு சரி.

அப்போது வாசலிலிருந்து பாண் தம்பி கூப்பிட்டார். "மாமா, என் பேரு தேவராஜன். மெட்ச் ஆரம்பிச்சிருச்சு. வாறீங்களா?"

அவர் வண்டியின் முன் கண்ணாடியில் போனைக் கட்டி வைத்திருந்தார். சத்தம் போதாது என்று அதை வண்டியின் ஒலிபெருக்கியோடு இணைத்தார். இணைத்தபோது முதலில் பாண் பாட்டுத்தான் போனது, முழுச் சத்தத்தில். பனிக்குள்ளிருந்து ஆட்கள் பையோடு வரத் தொடங்கினார்கள்.

"தம்பி, சீனிப் பணிஸ் இருக்கா?"

"இன்னைக்கி பாண் இல்லைங்க. மெட்ச்."

"யாரு வெளாடுறது?"

"நம்ம நாடு," என்றார் அரைப்பேர். இதை ஒருவர் கேட்டு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வந்தவர்கள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பனி, போக்கிடமும் இல்லை. வெறும் பைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நின்றார்கள். "அந்த முடி வளத்த பையன் யாரு?" என்று ஒருவர் கேட்டார். அரைப்பேர் சொன்னார். "இந்தப் பக்கம் ஓடுறவன்?" சொன்னார். தேவராஜன் ஒவ்வொரு வீரரையும் விரலால் தொட்டு, "இவரு யாரு மாமா? இவரு?" என்று கேட்டார். விரல் பட்டு ஆட்டம் இரண்டு முறை நின்றது. அரைப்பேர் திட்டவில்லை.

நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். அது வழக்கம்தான். ஆனால் இரண்டாவது பாதியில் நம் பையன் ஒருவன் ஒரு கோல் போட்டான். அப்புத்தளை அலறியது. ஒலிபெருக்கியில் வர்ணனையாளரும் அலறினார். அரைப்பேர் பக்கத்தில் கிடைத்ததைத் தூக்கி முத்தமிட்டார். அது கடைப் பூசணிக்காய்.

"யாரு போட்டது? யாரு போட்டது?" நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவருக்குத் தெரியும். அந்தப் பையன் பிறந்த ஊர் வரைக்கும் தெரியும்.  ஆனால் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தோல்விதான். திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன். "அங்கிள், ஏன் எல்லார்கிட்டயும் அந்தக் கேள்வி?"

"ஜெயிக்கிறவன் பேரு எல்லாருக்கும் தெரியும் பிள்ள. தோக்குறவன் பேர ஞாபகம் வெச்சிருக்கிறவன், எம் மகள கஷ்டத்துல வுடமாட்டான்னு நெனச்சேன்."

"இப்ப?"

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுது. ஒவ்வொருத்தர் பேரா கேட்டுக்குது. தேவராஜன் நல்ல புள்ள." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா கீப்பர் பேரயாச்சும் மனப்பாடம் பண்ணச் சொல்லு."

நான் வசந்திக்கு எழுதினேன்: "கூட்டிப் பார்த்ததில் நீ ஜெயித்துவிட்டாய்."

இப்போதைய நிலைமை இதுதான். கல்யாணம் தை மாதம், ஆட்டம் எதுவும் இல்லாத ஒரு நாளில். அணி இந்த முறையும் தகுதி பெறவில்லை. தேவராஜனுக்கு நான்கு பெயர்கள் தெரியும், அதில் இரண்டு சரி. ஆட்ட நாட்களில் பாண் வண்டி தோட்டத்துக்கு வந்துவிடுகிறது. சிக்னலுக்காகத் தாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். அன்றைக்கெல்லாம் நானும் பதுளையிலிருந்து பஸ் ஏறிவிடுகிறேன். லைன்ஸ்மன் பிள்ளைக்கு என்று அங்கே அரைப்பேர் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறார், நான் போய்ச் சேரும்வரை அதில் யாரையும் உட்காரவிடமாட்டாராம்.