நாற்றுவிட்ட சுவர்

ஐந்து வருடம் கட்டடக்கலை படித்ததில் எனக்கு உருப்படியாக வந்த வித்தை ஒன்றுதான்: தப்பு நடந்தால் அதற்கு அழகாக ஒரு பெயர் வைத்துவிடுவது. சுவர் கோணலாக வந்தால் ‘இயற்கையான நெளிவு’. ஜன்னல் வைக்க மறந்தால் ‘தியான மூலை’. இந்த வித்தையை நம்பித்தான் பழவேற்காட்டில் மாட்டிக்கொண்டேன்.

பசியாவரம் தீவுப் பிள்ளைகள் படகேறித்தான் பள்ளிக்கூடம் வரவேண்டும். காற்று பலமாக அடித்தால் படகு இல்லை. படகு இல்லாவிட்டால் படிப்பும் இல்லை. அவர்களுக்காகக் கரையில் ஒரு விடுதிப் பள்ளி கட்ட ஓர் அறக்கட்டளை முன்வந்தது. பொறுப்பு எனக்கு. வயது இருபத்தாறு. சிமென்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளிப்பேன் (நான் குடியிருந்தது மூன்றாவது மாடி கான்கிரீட் வீட்டில் என்பது வேறு விஷயம்). மண் சுவர், பனை விட்டம், ஓலைக் கூரை, ஏரிக்காற்று உள்ளே வந்து வெளியே போக எதிரெதிர் ஜன்னல்கள் என்று மாதிரிக்கு ஓர் அறை கட்டிக் காட்ட வேண்டும். அறக்கட்டளைத் தலைவருக்குப் பிடித்தால் மற்ற அறைகளும் அப்படியே. பிடிக்காவிட்டால் கான்கிரீட்.

பூச்சு மண்ணில் கலக்க அனுப்பம்பட்டிலிருந்து வைக்கோல் வந்தது. மேஸ்திரி கோதண்டம் ஒரு கைப்பிடி எடுத்து உதறிப் பார்த்தார்.

“மேடம், இதுல நெல்லு நெறைய கீது. இன்னொரு வாட்டி அடிச்சு உதறிட்டு அப்பால பூசலாம்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“ஒரு வாரம்.”

“வேண்டாம் மேஸ்திரி. நெல்லும் இயற்கைதானே.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பூச்சு முடிந்த கையோடு, திறப்பு விழாவுக்கு விளக்கப் படங்கள் தயாரிக்கச் சென்னைக்கு ஓடினேன். மழை பிடித்துக்கொண்டது. ஏழெட்டு நாள் கழித்து மேஸ்திரி போன் செய்தார்.

“மேடம், செவுரு பச்சையா கீது.”

“பச்சையாத்தான் இருக்கும். காயட்டும்.”

“இல்ல மேடம், நல்லா பச்சையா கீது.”

“காஞ்சிடும் மேஸ்திரி” என்று வைத்துவிட்டேன்.

மழை விட்டு வெயில் கொளுத்திய விழா நாளன்று போய் இறங்கினால், ஏரியைப் பார்த்த சுவர் முழுக்க நாலு விரற்கடை உயரத்துக்கு நெல் முளைத்து நின்றது. காற்றுக்கு அலையடித்தது. பார்க்க அழகாக வேறு இருந்தது.

பிடுங்க நேரமில்லை. அறக்கட்டளைத் தலைவரின் கார் வந்துவிட்டது. என் வித்தையை எடுத்துவிட்டேன்.

“இது ‘உயிருள்ள சுவர்’ சார். வெயிலை வாங்கிக்கிட்டு அறையைக் குளிர்ச்சியா வைக்கும். திட்டம் போட்டு வளர்த்தது.”

தலைவர் சுவரைத் தடவிக்கொடுத்தார். இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார் (நானும்தான்). மேஸ்திரி துண்டை வாயில் அழுத்திக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

அந்தப் பக்கமிருந்து தீவுத் தாய்மார்கள் வந்தார்கள். முன்னால் தேசம்மா. மூன்று பெண்களைப் பெற்றவர். அவர் தலையசைத்தால்தான் மற்றவர்களும் பிள்ளைகளை விடுவார்கள். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா மேடம் இது, ஸ்கூலு கட்டுனீங்களா, நாத்து வுட்டீங்களா?”

“குளிர்ச்சிக்குக்கா.”

“சரி, எப்ப அறுப்பு?”

அதற்குள் ஆடுகள் வந்தன. இத்தனை நாள் மழையில் மேயப் போகாமல் கட்டிக்கிடந்த ஏழு ஆடுகள். தலைவர் பேச ஆரம்பிக்க, அவருக்குப் பின்னால் அவை முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி வரிசையாக நின்று மேய ஆரம்பித்தன. ஆடு இழுத்தால் நாற்று தனியாக வருவதில்லை. வேரோடு, வேர் பிடித்த பூச்சோடு பாளம் பாளமாக வருகிறது. “தலைமுறைகளுக்கும் நிற்கப்போகிற சுவர்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாளம் அவர் தோளில் விழுந்தது. நான் குடையோடு பாய்ந்தேன். ஒரு கிடா நிதானமாகத் திரும்பி, என்னைச் சேற்றில் உட்கார வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மேய்ச்சலைத் தொடர்ந்தது.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்: “வளர்க்கல சார். தானா மொளைச்சது. மேஸ்திரி அப்பவே சொன்னார், நான்தான் கேக்கல.”

தலைவர் சட்டையைத் தட்டிக்கொண்டார். “கான்கிரீட்டே போட்டுடலாம்மா” என்றார். அந்த அறைக்காக நான் செய்த ஆறு மாத வேலை அந்த ஒரு வரியில் முடிந்துபோனது. அழுகை வந்தது.

அப்போது அறைக்குள்ளிருந்து தேசம்மாவின் குரல். எப்போது உள்ளே போனாரோ, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“சார், உள்ள வந்து குந்திப் பாருங்க. எங்க ஊட்ல தகரம். மத்தியானத்துல புள்ளைங்க படுக்க முடியாது. இங்க உச்சி வெயில்லயும் சில்லுனு கீது. எம் பொண்ணுங்க இதுலயே படுக்கட்டும். பூச்சு வேலைய மட்டும் இந்தப் பொண்ணு கையில குடுக்காதீங்க.”

தலைவர் உள்ளே போய் உட்கார்ந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு எல்லா அறைகளும் மண்ணிலேயே எழும்பின, பூச்சு முழுக்க மேஸ்திரியின் பொறுப்பில். தேசம்மாவின் பெண்கள் மூவரும் முதல் நாளே பாயோடு வந்து சேர்ந்தார்கள்.

எளாவூரில் இருக்கும் என் நைனாவுக்கு இந்தக் கதை எப்படிப் போனதோ தெரியாது. என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அதைச் சம்பந்தி வீட்டாருக்கு நடித்தே காட்டிவிட்டார், கிடா உட்பட. இன்றைக்கும் என் மாமியார் (மற்ற எல்லா விஷயத்திலும் பரம சாது) எனக்குச் சோறு போடும்போதெல்லாம் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக் கேட்கிறார்:

“பாத்துச் சாப்புடும்மா. இது கடையில வாங்குனதா, செவுத்துல அறுத்ததா?”