மூன்றாம் பம்ப்பின் பூரண நலம்

கொதிக்கும் காஸ்டிக் சோடாவைச் சுமந்துகொண்டு, தான் மட்டும் நாலு டிகிரி குளிரில் இருந்த பம்ப் ஒன்று இந்த உலகில் உண்டு. இயற்பியல் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். அது எங்கள் டேமா நகரில், ப்ளெசிங் சோப்பு ஆலையில், மூன்றாம் எண் பம்ப்பாகப் பணியாற்றியது. ஆறு வார காலம் அது சூடாகவில்லை, அதிரவில்லை, முனகவில்லை. இந்தச் சாதனையை நிகழ்த்திய டிஜிட்டல் மேம்பாட்டுப் பிரிவுக்கு அடியேன்தான் அதிகாரி. பிரிவில் வேறு யாரும் இல்லாததால் பெருமையைப் பங்குபோடும் தொல்லையும் ஏற்படவில்லை.

அதற்கு முன்பு ஆலை இருண்ட காலத்தில் இருந்தது. பம்ப்புக்கு என்ன கோளாறு என்று அறிய, மெக்கானிக் செலோர்ம் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு, "இது இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். இரண்டு மாதத்தில் அது போகும். ஓர் இயந்திரத்தின் அந்தரங்கத்தை இப்படி ஒட்டுக்கேட்பது நாகரிகமா? அதுவும் எந்தக் கணக்கும் இல்லாமல், வரைபடம் இல்லாமல், சரியாகச் சொல்வது?

எங்கள் டைரக்டர் லார்ட்டே இதைச் சகிக்கவில்லை. வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய், கழுத்தில் அட்டையும் கையில் பையுமாகத் திரும்பினார். தீப்பெட்டி அளவில் ஆறு சென்சார்கள் வந்தன. அடியில் காந்தம். ஆறு பம்ப்புக்கும் ஆளுக்கொன்று. கூட்ட அறையின் சுவரில் ஒரு பெரிய கறுப்புத் திரை, அதில் ஆறு வட்டங்கள். வட்டம் பச்சை என்றால் பம்ப் நலம். சிவப்பு என்றால் நோய். இனிமேல் திரை சிவப்பு காட்டினால் மட்டுமே ஸ்டோரிலிருந்து உதிரிப் பாகம் வெளியே போகும் என்று புதிய விதி பிறந்தது. மனிதன் கேட்டால் போதாது. மனிதனுக்கு ஆயிரம் உள்நோக்கம் இருக்கும்.

இவ்வளவு பெரிய காரியத்தைத் துணி இல்லாமல் தொடங்க முடியுமா? கல்யாணம், கட்சி மாநாடு, தேவாலய ஆண்டு விழா எதுவானாலும் எங்களுக்கு முதலில் அச்சாக வேண்டியது துணி. எனவே சென்சார் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஐநூறு கஜம் விழாத் துணி அச்சாகி வந்துவிட்டது. நடுவில் டைரக்டரின் முகம், சுற்றிலும் ஆறு வட்டங்கள், ஆறும் பச்சை. நூற்று இருபது பேரும் அவரவர் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள். தையல்காரர்களின் கைவண்ணத்தில் டைரக்டரின் முகம் சிலருக்கு மார்பிலும், சிலருக்கு முதுகிலும், பாக்கிங் பிரிவில் இருவருக்கு உட்காரும் இடத்திலும் அமைந்தது. என் சட்டையில் மூன்றாவது வட்டம் கச்சிதமாகப் பையின் மேல் வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை விழா. புதன்கிழமை சென்சார்களைப் பொருத்தித் திரையைப் போட்டோம். ஐந்து வட்டம் பச்சை. மூன்றாவது சிவப்பு.

டைரக்டர் திரையையே பார்த்தார். "என்ன இது?"

"மூணாம் பம்ப், பாஸ்."

"கறுப்புத் திரை. நடுவுல சிவப்பு. எழவு வீட்டுக்குத்தானய்யா நாம சிவப்பும் கறுப்பும் கட்டிட்டுப் போவோம்? விருந்தாளி வந்து பாத்தா, செத்தது யாருன்னு கேக்க மாட்டானா?"

வாசலில் நின்ற செலோர்ம் தொப்பியைக் கழற்றினார். "மெஷின் சரியாத்தான் சொல்லுது, பாஸ். பேரிங் போச்சு. அது ஆடுற ஆட்டத்துல சீலும் கசியுது. ஸ்டோர்ல புதுசு ரெண்டும் இருக்கு. ரெண்டு நாள் பம்ப்பை நிறுத்துங்க, மாத்திடறேன்."

"நிறுத்தினா திரையில என்ன வரும்?"

"சாம்பல் நிறம்," என்றேன்.

"துணியில சாம்பல் இருக்கா?"

"இல்ல பாஸ். ஆறும் பச்சை."

"துணியை மாத்த முடியுமா?"

"தைச்சே முடிச்சுட்டாங்க, பாஸ்."

"அப்ப பம்ப்பை மாத்து."

செலோர்ம் முகம் மலர்ந்தது. "அதைத்தான் பாஸ் நானும் சொல்றேன். பேரிங்கை..."

"பம்ப்போட நிறத்தைய்யா சொல்றேன்!"

செலோர்ம் நகரவில்லை. "பாஸ், அந்தப் பம்ப் பக்கத்துல நாள் பூரா நிக்கறது மான்சா. அவ திருப்புற வால்வு பம்ப்புலேர்ந்து ரெண்டு முழம்கூடத் தள்ளி இல்ல. சீல் விட்டுச்சுன்னா கொதிக்கிற காஸ்டிக் அவ கையிலதான் அடிக்கும். கை போயிடும்."

"வெள்ளிக்கிழமை போகட்டும்," என்றார் டைரக்டர். விழா முடியட்டும் என்று அவர் சொன்னதாகத்தான் நான் குறிப்பேட்டில் எழுதினேன்.

செலோர்ம் போன பிறகு டைரக்டர் என்னிடம் ஆழ்ந்த தத்துவக் கேள்வி ஒன்றைக் கேட்டார். "ஆபீசர், இந்த ஆலையில சூடாகாம, ஆடாம, வாயைத் திறந்து ஒரு குறை சொல்லாம இருக்கிறது எது?"

யோசித்தேன். நான் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடக்கம் தடுத்தது. "உங்க ஃபிரிட்ஜ், பாஸ்."

அவ்வளவுதான். மூன்றாம் பம்ப்பின் சென்சாரை நானே கழற்றி வந்து, கூட்ட அறை ஃபிரிட்ஜில், குளிர்பான பாட்டில்களுக்கும் பாக்கெட் தண்ணீருக்கும் நடுவே வைத்தேன். அரை மணி நேரத்தில் வட்டம் பச்சையானது. துணியில் இருந்த அதே பச்சை. தொழில்நுட்பமும் தையலும் இவ்வளவு ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

விழா ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிந்தது. இடையில் ஏழு பேர் பேசினார்கள். அமைச்சகத்திலிருந்து வந்த பெரியவர் திரையைத் தொட்டு, "எதிர்காலம் பச்சையாக இருக்கிறது" என்றார். மான்சா புது உடையில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவளுக்குக் கைதட்டுவதில் தனி உற்சாகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பாடல் குழுவில் தாளம் அவளுடையது. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லோரும் விழாத் துணியில்தான் வர வேண்டும் என்று டைரக்டர் கைதட்டலுக்கிடையே அறிவித்தார்.

அடுத்த வாரங்கள் பொற்காலம். மூன்றாம் பம்ப் மற்ற ஐந்தையும் மிஞ்சியது. நலம் தொண்ணூற்றொன்பது சதவீதம். 'மாதத்தின் ஆரோக்கியமான இயந்திரம்' என்ற சான்றிதழைச் சட்டம் போட்டு, பம்ப்புக்கு மேலேயே ஆணி அடித்து மாட்டினோம். பம்ப் அதிர்ந்த அதிர்வில் ஆணி இரண்டே நாளில் வெளியே வந்து சான்றிதழ் விழுந்து உடைந்தது. பம்ப் தன்னடக்கத்தால் பாராட்டை ஏற்கவில்லை என்று புரிந்துகொண்டோம்.

ஸ்டோருக்குச் செலோர்ம் நாள்தோறும் கோரிக்கை அனுப்பினார். கைப்பேசியில்தான் அனுப்ப வேண்டும். பதிலும் நாள்தோறும் வந்தது: 'இயந்திரம் நலம். தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது.' பேரிங்கும் சீலும் ஸ்டோரின் கம்பி வலைக்கு உள்ளே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில், மெழுகுத்தாள்கூடப் பிரிக்காமல் இருந்தன.

ஒரு சிறு குறை மட்டும் இருந்தது. மூன்றாம் பம்ப்பின் இயல்பே நாலு டிகிரிதான் என்று கணினி கற்றுக்கொண்டுவிட்டது. தினமும் மதியம் பன்னிரண்டரைக்குச் செலோர்மின் கைப்பேசி அலறும்: 'மூன்றாம் பம்ப் சூடேறுகிறது! ஒன்பது டிகிரி!' அவர் சாப்பாட்டை விட்டு ஓடுவார். பம்ப் தன்பாட்டுக்குக் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். நாலாம் நாள் அவர் பம்ப்பிடம் ஓடவில்லை. நேரே கூட்ட அறைக்கு வந்தார். டைரக்டர் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பானம் குடிக்கலாம் என்று ஆலோசித்துக்கொண்டிருந்தார்.

செலோர்ம் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஆபீசர், கொதிக்கிற காஸ்டிக் ஓடுற பம்ப் ஒன்பது டிகிரின்னு சொல்றப்ப, உங்க படிப்புக்கு ஒரு சந்தேகமும் வரலையா?"

"பச்சை எல்லைக்குள்ளதான் இருக்கு, மிஸ்டர் செலோர்ம்."

"அதை எடுத்துப் பம்ப்புல வைங்க. இல்லாட்டி பேரிங்கைக் கொடுங்க. ரெண்டுல ஒண்ணு. நேத்து மான்சா காலடியில சொட்டு விழுந்து செருப்பு ஓட்டையாயிடுச்சு."

"செருப்புக்குத் தனி விண்ணப்பம் இருக்கு," என்றேன். உண்மையில் இருந்தது. நானே வடிவமைத்தது.

மறுநாள் அவர் ஒழுங்கீனத்தின் உச்சத்துக்குப் போனார். ஆவி பறக்கும் சோளமாவுக் கென்கி உருண்டை இரண்டை இலையோடு கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குள் சென்சாரை அணைத்தாற்போல் வைத்துவிட்டார். வட்டம் சிவந்தது. ஸ்டோர்காரர் விதிப்படி பேரிங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். செலோர்ம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறப்பதற்குள் டைரக்டர் கென்கியைக் கண்டுபிடித்துவிட்டார். வட்டம் பச்சையானது. பேரிங் அலமாரிக்குத் திரும்பியது. அன்று மாலையே ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. தரவின் தூய்மையைக் காக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அதாவது, சாவி.

செலோர்ம் பழைய தகரம் ஒன்றை வளைத்துப் பம்ப்புக்கும் மான்சாவுக்கும் இடையே கட்டினார். அது ஆலையின் அங்கீகரிக்கப்பட்ட புகைப்படத்தில் இல்லாததால் அகற்றச் சொன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டுமே, ஆபீசர்," என்றாள் மான்சா. "தகரம் உங்களை என்ன பண்ணுச்சு?"

"விதிம்மா."

"விதிக்குக் கை சுடாது. எனக்குச் சுடும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தகரத்தை அகற்றினார்கள்.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்குச் சீல் வெடித்தது.

சத்தம் கேட்டு நான் போனபோது செலோர்ம் பம்ப்பை நிறுத்திவிட்டு மான்சாவை இழுத்து வந்து தரையில் உட்கார வைத்திருந்தார். "அண்ணே, கை எரியுதே, அண்ணே, கை எங்கண்ணே" என்றாள். கை அங்கேதான் இருந்தது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குரலை எந்த விண்ணப்பத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

குழாயில் தண்ணீர் இல்லை. டேமாவில் அது ஒரு செய்தி அல்ல.

"ஃபிரிட்ஜுல தண்ணி இருக்கு!" என்று செலோர்ம் கத்தினார். "தொறங்கய்யா! ஊத்திக்கிட்டே இருக்கணும், தொறங்க!"

ஓடினேன். கொத்தில் பதினொரு சாவிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாக்கிங் பெண்கள் என் பின்னால் நின்று, ஒவ்வொரு சாவிக்கும் ஒருமுறை இறைவனைக் கூப்பிட்டார்கள். பத்து நாற்பத்தொன்பதுக்குத் திறந்தது. இருந்த பாக்கெட் தண்ணீரையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவை மூட யாருக்கும் தோன்றவில்லை.

திறந்து கிடந்த ஃபிரிட்ஜ் மெல்லச் சூடேறியது. பத்து ஐம்பத்தைந்துக்குத் திரையில் மூன்றாவது வட்டம் சிவந்தது. சைரன் முழங்கியது. டைரக்டர் ஓடி வந்தார். ஆனந்தத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாத்தியா ஆபீசர்! சிஸ்டம் எச்சரிக்குது! மூணாம் பம்ப்புல ஆபத்துன்னு கரெக்டா சொல்லிடுச்சு!"

விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். என் நடை தெளிவானது என்று பெயர் பெற்றது. 'விபத்தின்போது பம்ப் தொண்ணூற்றொன்பது சதவீத நலத்தில் இருந்தது. பத்து ஐம்பத்தைந்துக்குக் கணினி உரிய எச்சரிக்கை விடுத்தது. அந்நேரத்தில் பராமரிப்பாளர் செலோர்ம் பணியிடத்தில் இல்லை.' இல்லைதான். அவர் ஆலை வேனின் பின்புறம் மான்சாவின் கையைத் தூக்கிப் பிடித்து, பல்லால் பாக்கெட்டைக் கடித்துக் கடித்துத் தண்ணீர் ஊற்றியபடி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். வேனில் திரை இல்லை. அவருடைய பணிநீக்கக் கடிதமும் என் நடையில்தான் அமைந்தது.

மான்சாவின் வலது கை விரல்கள் இனி விரியாது என்று டாக்டர் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, டைரக்டர் கூட்ட அறை ஜன்னலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "கீழ என்னய்யா இது?"

கீழே ஆலை வாசலில் எல்லோரும் விழாத் துணியில் நின்றார்கள். விதிப்படிதான். ஆனால் ஒவ்வொரு உடையிலும் மூன்றாவது வட்டத்தின் மேல் ஒரு சிவப்புத் துணித்துண்டு தைக்கப்பட்டிருந்தது. மார்பில், முதுகில், உட்காரும் இடத்தில், யாருக்கு எங்கே வட்டம் இருந்ததோ அங்கே. ஸ்டோர்காரரின் சட்டையிலும் இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற செலோர்மின் சட்டையிலும். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடுவில் மான்சா நின்றாள். யாரும் கோஷம் போடவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

டைரக்டர் திரும்பிச் சுவர்த் திரையைப் பார்த்தார். ஆறும் பச்சை. மறுபடி வெளியே பார்த்தார்.

"எதுய்யா கோளாறு? அதுவா, இதுவா?"

"அங்க கீழ இருக்கிறது சரியாத்தான் காட்டுது, பாஸ்," என்றேன். இந்த ஆலையில் நான் சமர்ப்பித்த முதல் சரியான அறிக்கை அது.

"எல்லாருமா சிவப்பு? ஒண்ணுகூடப் பச்சை இல்லையா?"

எண்ணிப் பார்த்தேன். "ரெண்டு இருக்கு, பாஸ்."

அவர் ஆவலோடு ஜன்னலில் எக்கித் தேடினார். அந்த இரண்டும் கீழே இல்லை. ஒன்று அவர் மார்பில் இருந்தது. இன்னொன்று என் சட்டைப் பையின் மேல். பைக்குள் சாவி இருந்தது.